ஈரம் வெளியேற வழி விடுங்கள்: மேல்மலையில் கேன்வாஸ் கூடாரம் பராமரித்த அனுபவம்

கேன்வாஸ் கூடாரம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "மழைக்கு ஒழுகாதா?" என்பதுதான். கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம், சில வருடங்களாகக் கூடாரம் அடித்து, பிரித்து, கழுவி, காயவைத்து, மறுபடி வாட்டர்ப்ரூஃப் செய்து வருகிறேன். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். துணிக்குள் போன ஈரம் எந்த வழியாக வெளியே வரப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒழுகுகிற துணியைச் சரிசெய்துவிடலாம். ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டு மக்கிப்போன துணிக்கு எந்த வைத்தியமும் கிடையாது. கழுவுவது, ஒட்டுப்போடுவது, மேலே எதைப் பூசுவது என்ற முடிவுகளை எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான் எடுக்கிறேன்.

மேல்மலையின் பருவம் தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும். கொடைக்கானல் ஊரே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் பாதையில் மழை இல்லாத நாளிலும் மூடுபனி உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை, ஜூனிலிருந்து தென்மேற்குக் காற்றின் சாரல், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கேன்வாஸ் நெய்யும் பருத்தியோ காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சாதாரண வானிலையிலேயே தன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும் நார் அது. மூடுபனி நாளில் அதைவிட அதிகம். பூஞ்சணம் வளர ஈரமும், தின்னக் கொஞ்சம் செல்லுலோஸும் இருந்தால் போதும். கேன்வாஸில் இரண்டும் இருக்கிறது. அதனால் பெரிய வேலைகளுக்கு எங்களுக்குக் கிடைக்கும் காலம் ஜனவரி பின்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான். காலையில் புல்லில் உறைபனி கிடந்தாலும், பத்து மணிக்கு மேல் வானம் தெளிந்து காற்று வறண்டு வீசும்.

நீலகிரியில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் முக்கியம். எப்படியானாலும் பிப்ரவரி இரண்டு மலைக்கும் நல்ல மாதம்.

இந்த அனுபவத்தின் பெரும்பகுதி ஒரே கூடாரத்தில் கிடைத்தது. மன்னவனூர் சாலையில் மச்சானுக்குப் பூண்டும் கேரட்டும் போடும் நிலம் இருக்கிறது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்க வரும்போது, அந்த நிலத்தின் ஓரத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைப்போம். அதற்காக, சமவெளியில் முகாம் நடத்தி நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து பழைய கூடாரம் ஒன்றை வாங்கினோம். 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 350 கிராம்) பருத்தி, நடுவே நீளக் கம்பு, இரண்டு பக்கமும் சரிவு, சுற்றிலும் தொங்கும் சுவர். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. வாடையே இல்லை. ஆனால் முதல் சாரலிலேயே கூரை முழுக்கக் கறுத்து நனைந்து, உள்ளே பொடித் தூறலாக இறங்கியது.

காரணம் விற்றவரிடம் பேசியபோது தெரிந்தது. "ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் வாஷிங் பவுடர் போட்டு, நல்லா ஊறவெச்சுத் துவைச்சுத்தாங்க எடுத்து வெப்போம்" என்றார். அக்கறையோடு செய்திருக்கிறார், ஆனால் கேன்வாஸுக்கு அது ஆகாது. நல்ல கேன்வாஸ் இரண்டு வகையில் மழையைத் தடுக்கிறது. நனைந்ததும் பருத்தி நூல் உப்பி, இழைகளுக்கு நடுவே இருக்கும் கண்களை அடைத்துக்கொள்கிறது. அதோடு, துணியில் ஏற்றியிருக்கும் மெழுகோ சிலிக்கானோ தண்ணீரைப் பரவ விடாமல் துளியாகவே நிறுத்துகிறது. டிடர்ஜென்ட்டின் வேலையோ தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துணிக்குள் சுலபமாக ஊறும்படி செய்வது. அலசும்போது போகாமல் நூலுக்குள் தங்கிய மிச்சம், அடுத்த மழையிலும் அதே வேலையைச் செய்யும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வாட்டர்ப்ரூஃப் பூசினாலும் பிடிக்காது.

வேலையைத் தொடங்கும் முன் கூடாரத்தைக் காய்ந்த நாளில் விறைப்பாக அடித்து நிறுத்திப் பார்த்தோம். உச்சி வெயிலில் உள்ளே போய் வாசலை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் துணியின் உறுதி. சுவரின் அடிப்பகுதி, கூரையும் சுவரும் சேரும் மடிப்பு, கயிறு கட்டும் ஐலெட் வளையங்களைச் சுற்றிய இடம், இந்த மூன்றையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மக்கிய பருத்தி சத்தமே இல்லாமல் கிழியும். சுவர் அப்படியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துணி வைக்கலாம். கூரையே அப்படியென்றால் அதற்குமேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். எங்கள் கூடாரத்தில் கூரை திடமாக இருந்தது. ஒரு பக்கச் சுவரின் அடி மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு மக்கியிருந்தது.

முன்பு எதைப் பூசியிருக்கிறார்கள் என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. நகத்தால் கீறினால் வெளிர்கோடு விழுந்து, தொட்டால் லேசான பிசுக்கும் இருந்தால் மெழுகு. மெழுகு ஏறிய துணிக்கு மறுபடியும் மெழுகுதான். தண்ணீரில் கலக்கும் சிலிக்கான் அதன்மேல் ஒட்டாது.

கழுவுவதில் பாதி வேலை தண்ணீர் தொடுவதற்கு முன்பே முடிகிறது. காய்ந்த மண், இலைச் சருகு, பறவை எச்சம், சிலந்திக்கூடு எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்து உதறிவிட வேண்டும். மண்ணை நனைத்துத் தேய்த்தால் அது சேறாகி நூலுக்குள் ஏறும். பூஞ்சணம் பிடித்த துணியைத் திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் உதற வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பைன் மரத்தடியில் நின்ற கூடாரமாக இருந்தால் பிசின் சொட்டியிருக்கும். அதிகாலைக் குளிரில் பிசின் கெட்டியாக இருக்கும்போது மழுங்கிய கரண்டியால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் இளகி ஒட்ட ஆரம்பித்துவிடும்.

கூடாரம் நின்றபடியே கழுவுவதுதான் வசதி. மேலிருந்து கீழாக, பச்சைத்தண்ணீர், மென்மையான பிரஷ். கார் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம், அது நூலை விலக்கிவிடும். வாஷிங் மெஷினும் வேண்டாம். எங்கள் கூடாரத்துக்குச் சோப்பு தேவைப்படவில்லை, ஏற்கெனவே ஏறியிருந்ததை வெளியே எடுப்பதுதான் வேலை. ஓஸ் பைப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணியின் ஒரு மூலையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கலாம். நுரை நின்றால் இன்னும் அலச வேண்டும். உடனே உடைந்து போனால் சரி. எங்களுக்கு அந்த நுரை லேசில் அடங்கவில்லை. பொறுமை இழந்து நடுவில் நிறுத்தினால் அடுத்து செய்யும் வேலை எல்லாமே வீண் என்பதால் மாலை வரை அலசினோம்.

அழுக்குக்குச் சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றால், எண்ணெயில் காய்ச்சிய அசல் சோப்பைக் கேட்டு வாங்குங்கள். துணிசோப்பு என்று விற்பதில் பலதும் டிடர்ஜென்ட் கட்டிதான். மலை ஊற்றுத் தண்ணீரில் அசல் சோப்பு நன்றாக நுரைக்கும், சுலபமாக அலசவும் வரும். போர்வெல் உப்புத் தண்ணீரில் வெள்ளைத் திப்பியாகத் துணியிலேயே படிந்துவிடும். சமவெளியில் கழுவுகிறவர்கள் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லது.

பூஞ்சணப் புள்ளிக்கு வெள்ளை வினிகர். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடத்தில் மட்டும் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, தேய்த்து, அலசிவிட வேண்டும். பூஞ்சணம் அடங்கும், வாடையும் குறையும். ஆனால் கறுப்புப் புள்ளி முழுக்கப் போகாது. அது நாருக்குள் இறங்கிய சாயம். தைல மர இலை ஊறிய பழுப்புக் கறையும் அப்படித்தான். அவற்றை வெளுக்க வைக்க வேண்டும் என்று பிளீச்சிங் பவுடர் பக்கம் போய்விடாதீர்கள். கறையோடு சேர்த்துப் பருத்தியையும் அது அரித்துவிடும், தையல் நூல் அதற்கும் முன்னால் போகும். பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. புள்ளியோடு இருக்கும் உறுதியான கூடாரம் எனக்குப் போதும். பிள்ளைகள் யாரும் அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டதில்லை.

கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகாதபடி இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மேல்மலையில் நாம் விடும் தண்ணீர் கீழே ஒரு கிராமத்தின் குடிதண்ணீர். புல் மூடிய சரிவில், ஓடையிலிருந்து தள்ளி, மண்ணுக்குள் இறங்கும்படி விடுங்கள். வாட்டர்ப்ரூஃப் கலவைக்கு இது இன்னும் முக்கியம். சில கலவைகளில் இருக்கும் ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் வெகுகாலம் கிடக்கும். அதனால் ஃபுளோரின் இல்லாதது என்று போட்டிருப்பதையே வாங்குகிறேன்.

அடுத்தது காயவைப்பது. முழு வேலையிலும் நான் அதிக நேரம் கொடுப்பது இதற்குத்தான்.

கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வது மேல்மலையில் சரிப்படாது. சமவெளியில் ஈரத்துணி சில்லென்று இருக்கும், காய்ந்தது அப்படி இருக்காது. இங்கே இரண்டும் சில்லென்றுதான் இருக்கும். எங்களுக்கு வழி காட்டியது மச்சான் வீட்டில் கேரட் மூட்டை நிறுக்கும் தராசு. கணக்கு எளிது. கூரையின் நீளம் 4 மீட்டர், ஒரு பக்கச் சரிவு இரண்டரை மீட்டர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 20 சதுர மீட்டர். 350 ஜிஎஸ்எம் துணிக்கு அது 7 கிலோ. நன்றாக நனைந்தால் தன் எடைக்கு நிகரான தண்ணீரையாவது குடித்து 14 கிலோவைத் தொடும். அதில் கடைசி அரைக் கிலோ, ஒரு கிலோ ஈரம் இருக்கிறதே, அதுதான் கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டு பூஞ்சணம் வளர்க்கும். அதனால் வறண்ட பிப்ரவரிப் பிற்பகல் ஒன்றில், நன்றாக வெயிலும் காற்றும் பட்ட கூரையையும் சுவரையும் தனித்தனியாக நிறுத்து, அந்த எடையைப் பைகளின் மேல் மார்க்கரால் எழுதி வைத்தோம். இப்போது எந்தப் பருவத்தில் மடித்தாலும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் உள்ளே வைக்கிறோம். எழுதிய எடைக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் மறுநாள் வெயிலில் திரும்பவும் விரிப்போம். வெயில் வராத வாரமென்றால் கொட்டகைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தினம் ஒரு முறை பக்கம் மாற்றிப் போடுவோம்.

கடைசியாகக் காயும் இடங்கள் எப்போதும் இவைதான்: சுவரின் அடிமடிப்பு, கம்பு நுழையும் உறை, இரட்டைத் தையல், ஐலெட்டின் கீழ் இருக்கும் வலுத்துணி. கூடாரத்தை அடித்துக் காயவைக்கும்போது சுவரைச் சுருட்டி மேலே கட்டாமல், உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் போட்டால் இவை சீக்கிரம் காயும். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி ஏறிவிடும் என்பதால் இரண்டரை மணிக்குள் எடுத்துவிடுவோம். அதைத் தாண்டினால் பகலெல்லாம் போன ஈரம் திரும்பி வந்துவிடும். அதற்காக நாட்கணக்கில் வெயிலிலேயே விட்டுவிடவும் கூடாது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், பருத்தியின் வலுவை அது குறைக்கும். காய்ந்ததா, எடுத்துவிட வேண்டும். மழையிலேயே பிரித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய கட்டாயம் வந்தால், போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ எப்படியாவது விரித்துவிடுங்கள். மொட்டைமாடி, தாழ்வாரம், மாடிப்படிக் கைப்பிடி, எதுவானாலும் பரவாயில்லை.

மக்கிய சுவருக்கு ஒட்டுப்போட வத்தலக்குண்டில் லாரி தார்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். நைலான் நூலில் தைத்தால் உறுதியாக இருக்குமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அது தண்ணியில ஊறாது. ஊசி போன ஓட்டை அப்படியே தொறந்து நிக்கும்."

"அப்ப பருத்தி நூல் போடலாங்களா ஐயா?"

"வெறும் பருத்தி சீக்கிரம் மக்கிரும். உள்ள பாலியெஸ்டர், மேல பஞ்சு சுத்துன நூல் இருக்கு. மேல இருக்கற பஞ்சு ஊறி ஓட்டைய அடைச்சுக்கும், உள்ள இருக்கறது அறுகாது."

ஒட்டுத் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டுத்தான் வெட்டினார். இல்லாவிட்டால் முதல் மழையில் ஒட்டு மட்டும் சுருங்கித் தையலைப் பிய்த்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டினார். மேல்துணியின் ஓரம் கீழ்த்துணிக்கு வெளியே தொங்கும்படி, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தைத்தார், இறங்கும் தண்ணீர் தையலுக்குள் நுழைய வழியே இல்லாமல். துருப்பிடித்த இரும்பு ஐலெட்டுகளை எடுத்துவிட்டுப் பித்தளை போடச் சொன்னவரும் அவர்தான். துரு, சுற்றியுள்ள பருத்தியையும் சேர்த்து அரிக்கும். ஒட்டுப்போட்ட தையல்களின் வெளிப்பக்கம் தேன்மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் ஒரு துணியின் மேலாக ஓட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும். இந்த மலையில் தேன் எடுக்கும் பளியர் பழங்குடிக் குடும்பங்கள் இருப்பதால் எங்களுக்குத் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை.

இனி வாட்டர்ப்ரூஃப். முழுக் கூடாரத்துக்கும் ஒரே பொருளைப் பூச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நனையும், எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்று பார்த்து, கூரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, மண்ணைத் தொடும் அடிப்பகுதிக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டேன்.

சுவருக்குப் படிகாரம். இது பழைய முறை, செலவும் மிகக் குறைவு. அரைக் கிலோ அசல் சோப்பைச் சீவி 8 லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, துணி முழுக்கப் பிரஷ்ஷால் ஏற்ற வேண்டும். அது பாதிக்கு மேல் உலர்ந்ததும், கால் கிலோ படிகாரத்தை 8 லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து அதன்மேல் ஏற்ற வேண்டும். சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலமும் படிகாரத்தில் இருக்கும் அலுமினியமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத அலுமினிய சோப்பாக நூலுக்குள்ளேயே படியும். துணியின் கண்கள் அடைபடாது, எடையும் அதிகம் ஏறாது. படிகாரத்துக்குப் புளிப்புக் குணம் உண்டு, மிச்சம் தங்கினால் நாளடைவில் பருத்திக்கு நல்லதல்ல. அதனால் காய்ந்ததும் பச்சைத்தண்ணீரில் ஒரு முறை அலசிவிடுவேன். சலூனிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருக்கும் அதே படிகாரக் கல்தான் இது. குறை என்னவென்றால் உரசலைத் தாங்காது. உடம்பும் பையும் உரசும் இடங்களில் ஓரிரு பருவத்தில் தேய்ந்துவிடும். நேராக நிற்கும் சுவருக்கு அது போதும், கூரைக்குப் போதாது. பழைய செய்முறைகள் சிலவற்றில் படிகாரத்தோடு ஈய அசிட்டேட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கும். ஈயம் விஷம், அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடிப்பகுதிக்கு மெழுகு. மண்ணும் சேறும் தெறிக்கிற அந்த ஒரு சாண் துணி மூச்சுவிடாவிட்டாலும் நஷ்டமில்லை. தேன்மெழுகும் பாரஃபின் மெழுகும் உருக்கிச் சேர்த்த கட்டியைத் தேய்த்து, சூடுகாட்டி இறக்குகிறேன். அடுப்பில் நேரடியாக வைக்காமல், கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். டர்பன்டைனில் மெழுகைக் கரைத்துப் பூசும் முறையும் உண்டு. மேல்மலையில் பிப்ரவரி, மார்ச் என்பது காட்டுத்தீக் காலம். அந்த மாதங்களில் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் திரவத்தைத் திறந்த வெளியில் பரப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆளிவிதை எண்ணெய் வேண்டவே வேண்டாம். துணியை விறைக்க வைக்கும், துடைத்த கந்தலைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கூரை முழுக்க மெழுகு ஏற்றுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. எடை கூடும், மார்கழிக் குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும், நெருப்பு பட்டால் நின்று எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளிருந்து ஈரம் வெளியேறும் பாதையை அடைத்துவிடும்.

கூரைக்கு, தண்ணீரில் கலந்து வரும் சிலிக்கான் கலவை. நூலின் மேல் மெல்லிய படலமாக உட்காரும், கண்களைத் திறந்தே விடும். முதலில் ஓரத்தில் உள்ளங்கை அளவு பூசிக் காயவைத்து, நிறம் மாறுகிறதா, துளி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கினோம். ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று கேனில் போட்டிருப்பதை நம்பி அளவாக வாங்காதீர்கள், பழைய துணி கூடுதலாகவே குடிக்கும். காற்று அடங்கிய காலையில், துணி நன்றாகக் காய்ந்திருக்கும்போது, மெல்லியதாக ஒரு பூச்சு மேலிருந்து கீழாக, அது காய்ந்ததும் இன்னொன்று குறுக்காக. வழிந்து தேங்கினால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும். தையல் ஓரங்களில் மட்டும் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஏற்றினோம்.

தெளிக்கத் தொடங்கும்போது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்தான். "அண்ணே, மருந்தடிக்கிற டேங்க் சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கங்க. பத்து நிமிசத்துல முடிச்சிரலாம்."

"வேணாம் தம்பி, உள்ள புள்ளைங்க படுக்கும்" என்றேன். பூச்சிமருந்து அடித்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் நாசிலிலும் மிச்சம் இருக்கும். அதில் தெளித்த துணிக்குக் கீழே ஒரு குழந்தை இரவு முழுக்க மூச்சுவிடப் போகிறது. புதிதாக ஒரு சின்னக் கைத்தெளிப்பான் வாங்கி, இதற்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் காயவிட்டு, ஏணி போட்டு ஏறி, பூவாளியில் தண்ணீர் ஊற்றினோம். கூரையில் முத்து முத்தாக உருண்டு இறங்கியது. புதுத் தையல் ஓரம் மட்டும் கசிந்தது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தைத்த இடத்தை நன்றாக நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்துக் காயவைத்தால் நூல் உப்பிப் படிந்து கசிவு நின்றுவிடும். புதுக் கூடாரம் வாங்குகிறவர்களும் முகாமுக்குப் போகும் முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. அது தெரியாமல் முதல் மழையிலேயே கசிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தங்க வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். மழை பெய்யும்போது உள்ளிருந்து கூரையைத் தொடவோ, பையைச் சாய்த்து வைக்கவோ கூடாது. தொட்ட இடத்தில் தண்ணீர் நுண்துளை வழியாக இழுக்கப்பட்டுச் சொட்டத் தொடங்கும். இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் மேலே இருக்கும் காற்றுவழியை அடைக்கக் கூடாது. ஒரு ஆள் தூங்கும்போது மூச்சில் விடும் ஈரம் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர். எட்டுப் பிள்ளைகள் படுத்தால் எட்டு டம்ளர். அதற்குப் போக்கிடம் இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி விழும், கூடாரம் ஒழுகுகிறது என்று பெயர் வரும். "மேலே ஒரு பிளாஸ்டிக் தார்பாயைப் போட்டுவிட்டால் இவ்வளவு வேலை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். துணியோடு ஒட்டிப் பிளாஸ்டிக் போட்டால் வெளி மழை நிற்கும், உள்மழை தொடங்கும். அடைமழைக்குப் போட்டே தீர வேண்டுமென்றால் கூரைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

சாயங்காலம் மூடுபனி இறங்கும் முன் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஈரத்தில் கேன்வாஸும் பருத்திக் கயிறும் சுருங்கி இறுகும். தளர்த்தாவிட்டால் முளை பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஐலெட் கிழியும்.

எடுத்து வைக்கத் துணிப்பை, பிளாஸ்டிக் பை கூடாது. சிமென்ட் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல். மச்சான் வீட்டில் பூண்டு வைக்கும் பரண்தான் எங்கள் கூடாரத்துக்கும் இடம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இது. அதை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்த வீட்டில், ஈரம் மிகக் குறைந்த இடம் அதுதான் என்று அக்காவே காட்டினார். பூண்டு வாடை ஏறினாலும் விரித்த ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. எலிக்குப் பயந்து, சாப்பாட்டுத் துணுக்கு எதுவும் உள்ளே தங்காமல் உதறித்தான் மடிப்போம். அவ்வப்போது இறக்கி, மடிப்பு விழுந்த இடத்தை மாற்றி மடிப்பதும் உண்டு.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் முழுக்கப் பூச வேண்டிய அவசியமில்லை. பூவாளியை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் ஊற்றிப் பார்க்கிறேன். துளி உருளும் இடத்தை விட்டுவிடுகிறேன். தென்மேற்குச் சாரலைப் பார்த்து நிற்கும் சரிவும் நடுக்கம்பு மேல் வரும் மடிப்பும்தான் முதலில் கறுக்கும். அந்த இரண்டுக்கும் மட்டும் ஒரு கை பூசி, காயவைத்து, நிறுத்துப் பார்த்துப் பரண் ஏற்றிவிடுகிறோம்.